யோசுவா காலத்திலேயே கானான் முழுவதும் இஸ்ரவேலர் கைக்கு வந்துவிட்டதா?

சரியான கேள்வி. மோசேக்குப் பின் இஸ்ரவேலரைக் கானானுக்குள் நடத்தியவர் யோசுவா. பைபிளில் அவர் பெயரிலுள்ள புத்தகத்தின் 21-ஆம் அதிகாரம், கர்த்தர் வாக்களித்த அந்தத் தேசம் முழுவதையும் கொடுத்துவிட்டார் என்கிறது. அதே புத்தகத்தின் 13-ஆம் அதிகாரமோ, யோசுவா முதிர்வயதான பிறகும் பிடிக்கவேண்டிய நிலம் ஏராளம் என்கிறது.

என் பார்வையில், விடை அதற்கு முந்தைய பைபிள் புத்தகமான யாத்திராகமத்தின் 23-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எதிரிகளை ஒரே வருடத்தில் துரத்தினால் தேசம் பாழாகி, காட்டு மிருகங்கள் பெருகிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் துரத்துவேன் என்று கர்த்தர் முன்பே சொல்லியிருக்கிறார். யோசுவா ராஜாக்களின் கூட்டணிகளை உடைத்தார், நிலத்தைப் பங்கிட்டார். மீதியிருந்தவர்களைத் துரத்திக் குடியேறுவது அந்தந்தக் கோத்திரத்தின் பொறுப்பு. அதில்தான் பலர் தவறினார்கள். கானானிய இனத்தாரான எபூசியர் கையிலிருந்த எருசலேம் கோட்டையைத் தாவீதுதான் பிடித்தார். கேசேர் என்ற கானானிய நகரத்தை ஒரு பார்வோன் (எகிப்திய ராஜா) பிடித்து, சாலொமோனை மணந்த தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தான்! ஆபிரகாமுக்குச் சொன்ன ஐபிராத்து (யூப்ரடீஸ்) நதி எல்லையும் சாலொமோன் ஆட்சியில்தான் எட்டப்படுகிறது.