வட்டிக்குக் கடவுள் ஜாமீன் அல்ல

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பா, கைக்கு வந்த பி.எஃப். பணம் முழுவதையும் மாதம் பத்து சதவீத வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். அலுவலகத்தில் வடிவுடையம்மன் படம் இருந்தது, முதலாளி வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வருபவர் என்று நம்பினார். இப்போது நிறுவனத்தை மூடிவிட்டார்கள். அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். புகார் கொடுக்கச் சொன்னால், ‘காதற்ற ஊசியும் வாராது, கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்கிறார். செல்வத்தை நம்பாதே, கடவுளை நம்பு என்கிறார்களே, நம்பியவருக்கு இதுதானா? நான் இனிச் சேமிப்பதா, எல்லாவற்றையும் அவனிடம் விட்டுவிடுவதா? சனிப்பெயர்ச்சிதான் காரணம் என்று சோதிடர் சொல்வது உண்மையா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சோதிடரை விட்டுவிடுங்கள். சேமியுங்கள், அதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொன்று. உங்கள் அப்பா கடவுளை நம்பி ஏமாந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நம்பியது மாதம் பத்து சதவீதத்தை. பத்தே மாதத்தில் அசலுக்குச் சமமான வட்டியைத் தரக்கூடிய நேர்மையான தொழில் எதுவும் இல்லை. புதிதாக வருபவரின் அசலை எடுத்துப் பழையவருக்கு வட்டியாகக் கொடுத்து, புதியவர்கள் வருவது குறைகிற மாதத்தில் கதவைச் சாத்துவதுதான் அந்த வியாபாரம். அம்மன் படம் அங்கே ஜாமீனாக மாட்டப்பட்டிருந்தது. அந்த ஜாமீனை அம்மன் கொடுக்கவில்லை, நாமாக அவள் பெயரில் எழுதிக்கொண்டோம். கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு இதையே பார்த்துப் பார்த்து என் மனம் வெந்திருக்கிறது.

இது இன்று தொடங்கியதும் அல்ல. இதே சென்னையில் 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் வங்கி நொடித்துப்போனபோது எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. அன்று அவர்கள் நம்பியது வெள்ளைக்காரப் பெயரை. இன்று நாம் நம்புவது சுவரில் மாட்டிய படத்தை. ஆனால் அன்று ஊர் எல்லாம் விதி என்று படுத்துவிடவில்லை. வங்கியை நடத்திய ஜார்ஜ் ஆர்பத்நாட் தண்டிக்கப்பட்டுச் சிறை சென்றார். அடுத்த ஆண்டே, 1907இல், வி.கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் முயன்று இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

‘காதற்ற ஊசியும் வாராது’ என்று அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது பட்டினத்தார் வாக்கு. அவருடைய சமாதி உங்கள் வீட்டுக்குச் சற்று வடக்கே, திருவொற்றியூர்க் கடலோரத்தில்தான் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகராக இருந்து, தன் கையிலிருந்த செல்வத்தைத் தானே உதறியவர் அவர். உங்கள் அப்பா எதையும் உதறவில்லை; அவரிடமிருந்து பறித்திருக்கிறார்கள். பறிகொடுத்ததைத் துறவு என்று சொல்லிக்கொள்வது, பறித்தவனுக்குச் செய்கிற உதவி. அவருக்குப் பின்னால் அதே அலுவலகத்தில் பணம் கட்டிவிட்டு, சொல்லவும் ஆளில்லாமல் அழுதுகொண்டிருக்கிற வீட்டு வேலை செய்யும் பெண்களை அவர் நினைத்துப் பார்க்க வேண்டாமா?

அப்படியானால் கடவுளை நம்புவது என்றால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு என் ஆயாவைத்தான் சொல்லத் தெரியும். திருவொற்றியூர் தேரடி அருகே இட்லிக் கடை வைத்திருந்தவர். அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு, வீட்டில் பிடியரிசிக்கென்று ஒரு பானை, இரண்டும் அவருக்கு உண்டு. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துப் பானையில் போடுவார். பானை நிறைந்ததும் அது கோயில் வாசலில் சமைக்கிறவர்களிடம் போகும். தாத்தா வேலை பார்த்த ஆலை மூடிக்கிடந்த மாதங்களில் எங்களுக்கே கஞ்சி போதாதபோதும் அந்தப் பிடி நிற்கவில்லை. “நாளைக்கு அவ இல்லையா?” என்று மட்டும் சொல்வார். அம்மனிடம் அவர் வேலையைக் கேட்டதாகவோ, வேலை வந்தால் இன்னது செய்கிறேன் என்று பேரம் பேசியதாகவோ எனக்கு நினைவில்லை. நாளையைப் பற்றிய அச்சம் அவர் கையை மூடவில்லை; அவ்வளவுதான் அவருடைய பக்தி. கையில் பணம் இருந்த நாளிலும் அது அப்படியே இருந்தது.

ஏழுகிணற்றில் வளர்ந்து, ஒற்றியூருக்கு நடந்தே வந்து பாடிய வள்ளலாரிடமும் நான் இதையே காண்கிறேன். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியபோது அவர் வானத்திலிருந்து சோறு விழும் என்று காத்திருக்கவில்லை. பார்வதிபுரத்து மக்கள் நிலம் கொடுத்தார்கள், அடுப்பு மூட்டப்பட்டது, அது இன்றும் எரிகிறது. அருளை அவ்வளவு நம்பியவருக்கு அரிசியும் விறகும் மனிதர்களும் வேண்டியிருந்தார்கள்.

மாதம் பத்து சதவீதம் வந்துகொண்டிருந்தவரை உங்கள் அப்பா கோயிலுக்குப் போனார், நின்றதும் நிறுத்திவிட்டார். இதை அவரிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். பிள்ளை வாயால் கேட்கிற வயதல்ல அவருக்கு. நான் எழுதியதாக இதைப் படிக்கக் கொடுங்கள். உழைத்த பணத்தை இழந்த மனிதரின் கோபம் அது என்று எனக்குத் தெரியும், அந்தக் கோபத்தை அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

முதலில் செய்ய வேண்டியது புகார். முதலீட்டாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி இத்தகைய நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, நீதிமன்றத்தின் வழியே பணம் போட்டவர்களுக்குப் பங்கிட இடமுண்டு. ரசீதுகள், வங்கிக் கணக்கின் நகல், அவர்கள் கொடுத்த பத்திரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு அப்பாவை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அவரைப் போல ஏமாந்த அக்கம்பக்கத்துப் பெண்களையும் உடன் அழைத்துப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு உங்கள் அப்பாவே மனு எழுதிக் கொடுக்கட்டும்.