பாக்கெட் கேமராவா, பழைய டிஎஸ்எல்ஆரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குழப்பத்தைத்தான் சொல்கின்றன. சொந்தக்காரர் ஒருவர் தன் பழைய டிஎஸ்எல்ஆரை, அதாவது லென்ஸை மாற்றக்கூடிய பெரிய கேமராவை, குறைந்த விலைக்குத் தருகிறார். இன்னொரு பக்கம், அதைவிடக் கூடுதல் விலையில் பையில் அடங்கும் நல்ல காம்பாக்ட் கேமரா ஒன்று கைமாறக் காத்திருக்கிறது. எதை வாங்குவது? கேமராவின் உடலை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முன்னால் என்ன லென்ஸ் இருக்கிறது, எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"என் மகனுக்கு ஒன்றரை வயது. வீட்டுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறான். மாமா தன்னுடைய நிக்கான் டி90 கேமராவை 18-55 லென்ஸோடு 150 வெள்ளிக்குத் தருகிறார். கணவரோ 500 வெள்ளி போட்டுப் பழைய சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 வாங்கலாம் என்கிறார். சென்சார் பெரிதாக இருப்பதால் டிஎஸ்எல்ஆர்தானே நல்லது?" (செங்காங் வாசகி)

ஒளியைப் பதிவுசெய்யும் சென்சார் பெரிதுதான். டி90 2008இல் வந்தது. அதன் சென்சார் 23.6க்கு 15.8 மி.மீ. மார்க் 3 2014இல் வந்தது, அதனுடையது 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பளவில் டி90க்கு மூன்று மடங்குக்குச் சற்று மேல்.

ஆனால் மாமா தரும் 18-55 லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/3.5 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் கூடுதல் வெளிச்சம் விடும்). ஜூம் செய்தால் எஃப்/5.6க்குப் போய்விடும். சோனியின் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/1.8, ஜூம் முனையில் எஃப்/2.8. எஃப்/2.8 விடும் வெளிச்சம் எஃப்/5.6 விடுவதைப்போல் நான்கு மடங்கு. அகலக் கோணத்திலும் வித்தியாசம் கிட்டத்தட்ட அதேதான். ஆக, சென்சாரில் கிடைத்த மூன்று மடங்கு லாபத்தை லென்ஸில் வரும் நான்கு மடங்கு நட்டம் விழுங்கிவிடுகிறது. சோனியின் சென்சார் வேறு ஆறு ஆண்டுகள் புதியது. கேமராவோடு வரும் அந்தக் கிட் லென்ஸோடு மட்டும் டி90 வாங்குவதாக இருந்தால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

இப்போது அதே டி90யில் 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டுங்கள். நிக்கான் 2009இல் வெளியிட்டது. பழையதாக நிறையக் கிடைக்கிறது. மாலையில் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் ஒரு விளக்குதான் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, எஃப்/1.8 வைத்தால் ஷட்டர் 1/125 நொடி கிடைக்கும். நடை பழகிய பிள்ளையின் முகம் கலங்காமல் இருக்க ஏறக்குறைய அந்த வேகம் வேண்டும். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில் கிட் லென்ஸை 35 மி.மீ.க்குக் கொண்டுபோனால் எஃப்/4.5 அளவுதான் கிடைக்கும். ஷட்டர் 1/20க்கு இறங்கிவிடும். சுவரும் சோபாவும் தெளிவாக இருக்கும், பிள்ளை மட்டும் கலங்கியிருப்பான். அதே கோணத்துக்கு ஜூம் செய்த சோனியோடு ஒப்பிட்டாலும், சென்சாரையும் லென்ஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் டி90 ஏழு மடங்குக்கு மேல் வெளிச்சம் பிடிக்கிறது. பின்னணி மென்மையாகக் கலைவதும் இந்த லென்ஸில்தான் நன்றாக வரும்.

ஃபோகஸையும் சொல்ல வேண்டும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாக வரும் ஒளியை அளந்து, லென்ஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று கேமரா நேரடியாகக் கண்டுபிடித்துவிடும். மார்க் 3 அப்படியில்லை. லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, கூர்மை எங்கே அதிகம் என்று தேடும். ஓடுகிற பிள்ளையிடம் அந்தத் தேடல் தோற்றுப்போகும். ஆர்எக்ஸ்100 வரிசையில் டிஎஸ்எல்ஆர்போல் நேரடியாகக் கண்டுபிடிக்கும் பேஸ் டிடெக்ஷன் முறை வேண்டுமானால் 2016இல் வந்த மார்க் 5 வரை போக வேண்டும், அதன் விலையும் கூடும்.

எனவே வீட்டில் பிள்ளையை எடுப்பதுதான் முதல் வேலை என்றால் டி90யை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் அந்த 35 மி.மீ. லென்ஸையும் கட்டாயம் வாங்குங்கள். ஊருக்குப் போகும்போதும் கடைத்தெருவிலும் கையில் வைத்திருக்கத்தான் கேமரா என்றால் சோனி. பேட்டரியோடு 300 கிராம் கூட இல்லை. டி90யோ உடல் மட்டுமே 700 கிராம். பிள்ளை, டயபர் பை, தள்ளுவண்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு எம்ஆர்டி ஏறுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

"12 மெகாபிக்சல் இந்தக் காலத்துக்குப் போதுமா?" (உட்லண்ட்ஸ் வாசகர்)

போதும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட ஒன்பது மெகாபிக்சல் கூடத் தேவைப்படாது. படத்தைப் பாதிக்கு மேல் வெட்டி எடுக்கும் பழக்கம் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

"தைப்பூசத்தில் அண்ணன் காவடி எடுக்கிறார். படம் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. என்னிடம் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. நண்பர் காம்பாக்ட் தருகிறேன் என்கிறார். எதைக் கொண்டுபோவது?" (தெம்பனிஸ் வாசகர்)

நான் காம்பாக்ட்தான் சொல்வேன், அதுவும் 24 மி.மீ. அகலக் கோணமும் சாய்க்கும் திரையும் உள்ளதாக.

சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் காவடி கட்டும்போது உங்களுக்கும் அண்ணனுக்கும் இடையே சில அடி தூரம்கூட இருக்காது. சுற்றிலும் உறவினர்கள், பக்கத்திலேயே அடுத்த காவடி. அலகுக் காவடியின் உச்சி அண்ணனின் தலைக்கு மேலே வெகுதூரம் போகும். உச்சியும் பாதமும் ஒரே படத்தில் அடங்க அகலக் கோணம் இல்லாமல் முடியாது. சென்சார் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், கேனானின் 18-55 லென்ஸில் 18 மி.மீ. என்பது 29 மி.மீ.க்குச் சமம். காகிதத்தில் 24க்கும் 29க்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. முதுகு சுவரில் இடிக்கும்போது தெரியும்.

சாய்க்கும் திரையின் பயன் கூட்டத்தில்தான் விளங்கும். கேமராவைத் தலைக்கு மேல் உயர்த்தி, திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, என்ன எடுக்கிறோம் என்று பார்த்தே எடுக்கலாம். பழைய டிஎஸ்எல்ஆர்களில் திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் ஃபோகஸ் பிடிப்பதற்குள் காவடி அடுத்த சுற்று ஆடிவிடும்.

டிஎஸ்எல்ஆருக்கும் ஒரு நேரம் உண்டு. வெயில் ஏறிய பிறகு காம்பாக்டின் திரை வெளிறிப்போய்ப் படமே தெரியாது; கண்ணை ஒட்டிப் பார்க்கும் வியூஃபைண்டர்தான் கைகொடுக்கும். ஆர்எக்ஸ்100 வரிசையில் மார்க் 3 முதல் வந்தவற்றில் சிறிய வியூஃபைண்டர் ஒன்று மேலே எழும்பி வரும். நண்பரின் கேமராவில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வேல் குத்தும் நேரத்தில் ஃபிளாஷ் வேண்டாம். அது அண்ணனின் நோன்பு நிறைவேறும் கணம். முகத்துக்கு நேரே வெளிச்சம் அடிப்பது முறையில்லை. பக்கத்தில் இருக்கும் வேறு பக்தர்களை நெருங்கி எடுப்பதாக இருந்தால் அவர்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்க வேண்டும் என்பதால் கூடுதல் பேட்டரி கட்டாயம். டி90 போன்ற டிஎஸ்எல்ஆர் ஒரு சார்ஜில் 850 படம் எடுக்கும் என்பது சோதனைக் கணக்கு. ஆர்எக்ஸ்100 மார்க் 3க்கு 320தான்.

"மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே எடுத்த படங்களில் எல்லார் நெற்றியும் எண்ணெய் பூசியதுபோல் மின்னுகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?" (பொங்கோல் வாசகி)

கேமராவை மாற்ற வேண்டாம், ஃபிளாஷின் திசையை மாற்றுங்கள். நேராக முகத்தில் அடிக்கும் ஃபிளாஷ்தான் காரணம். நம் அடுக்குமாடி வீடுகளின் கூரை தாழ்வாகவும் பெரும்பாலும் வெள்ளையாகவும் இருக்கிறது, படம் எடுப்பவருக்கு இது பெரிய வசதி. டிஎஸ்எல்ஆர் மேல் மாட்டும் தனி ஃபிளாஷின் தலையைக் கூரைப் பக்கம் திருப்பினால், வெளிச்சம் பரவி மேலிருந்து மென்மையாக இறங்கும். பழைய டிஎஸ்எல்ஆர் வாங்கத் தகுந்த காரணங்களில் இதையும் நான் சேர்ப்பேன். ஆர்எக்ஸ்100 மார்க் 3இல் தனி ஃபிளாஷ் மாட்ட இடமே இல்லை. ஆனால் அதில் எழும்பி வரும் சிறு ஃபிளாஷை விரலால் மெல்லப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் கூரையில் பட்டுத் திரும்பும். சக்தி குறைவு, மேசையைச் சுற்றி நிற்கும் நான்கைந்து பேருக்குப் போதும்.

"என் பழைய கேமராவை ஐந்தாறு வருடமாகத் துணி அலமாரியில் வைத்திருக்கிறேன். இப்போது படங்கள் மங்கலாக வருகின்றன." (யீஷூன் வாசகர்)

பூஞ்சையாக இருக்கலாம். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து கைவிளக்கை அடித்து, முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை இழைபோல் கிளை விட்டிருந்தால் பூஞ்சைதான். விளிம்பில் கொஞ்சமாக இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் பரவியிருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது படம் பால் கலந்ததுபோல் வெளிறும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் கண்ணாடியின் பூச்சை அது அரித்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. 18-55 லென்ஸ் என்றால் பழுதுக் கூலியில் வேறொன்று வாங்கிவிடலாம். நல்ல லென்ஸ்களோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள்.

சிங்கப்பூரின் ஈரப்பதத்துக்கு ட்ரை கேபினெட் (ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும் அலமாரி) ஆடம்பரம் அல்ல. உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் போதும். அதற்கு வசதியில்லையா? காற்றுப் புகாத பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், அவ்வளவுதான். காம்பாக்டையும் அதே பெட்டியில் வையுங்கள். அதன் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் பூஞ்சை வந்தால் இன்னும் கஷ்டம். அப்புறம், குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவை அரை மணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவிடுங்கள். உடனே எடுத்தால் லென்ஸில் நீர் படியும்.

"நண்பர்கள் எல்லாம் பழைய சிசிடி கேமரா தேடுகிறார்கள். சிசிடி நிறமே தனி என்கிறார்கள். உண்மையா?" (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி)

அந்தப் படங்களின் அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் அது சிசிடி என்ற பழைய வகை சென்சாரால் வருவதில்லை. நிறத்தைத் தீர்மானிப்பவை சென்சார் மேல் உள்ள வண்ண வடிகட்டியும் கேமராவுக்குள் நடக்கும் செயலாக்கமும்தான். சிறிய சென்சார், நேராக அடிக்கும் ஃபிளாஷ், சட்டென்று வெடித்து வெளுக்கும் வெளிச்சம் ஆகியவை சேர்ந்துதான் அந்தத் தோற்றம் வருகிறது. சிசிடிதான் வேண்டுமென்றால் நிக்கான் டி40, டி80, டி200 எல்லாமே சிசிடி டிஎஸ்எல்ஆர்கள்தான். அவற்றை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை, விலையும் குறைவு. சட்டைப் பையில் போட்டு நண்பர்களோடு சுற்றத்தான் என்றால் காம்பாக்டே வாங்குங்கள். ஆனால் மோகத்துக்காக ஏற்றிவைத்த விலையைக் கொடுக்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள், ஏதாவது ஓர் இழுப்பறையில் ஒன்று கிடக்கும்.

"பணி ஓய்வு பெற்றுவிட்டேன். சுங்கை பூலோவில் பறவைகளை எடுக்க ஆசை. தோள்வலி உண்டு." (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

ஐயா, தோள்வலியோடு 150-600 லென்ஸை நினைக்கவே வேண்டாம். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. 2015இல் வந்த நிக்கான் பி900, 2000 மி.மீ.க்குச் சமமான ஜூமோடு 900 கிராமில் அடங்கிவிடுகிறது. சதுப்புநிலத்தில் அசையாமல் நிற்கும் நாரையும், கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியும் காலை வெளிச்சத்தில் மிக நன்றாக வரும். பறக்கும் பறவைக்கு அது சரிவராது, ஃபோகஸ் பின்தங்கிவிடும். பழைய டிஎஸ்எல்ஆரும் 70-300 லென்ஸும் அந்த வேலைக்கு மேல், ஆனால் பறவை கிட்ட வர வேண்டும். முதலில் பி900, முடிந்தால் ஒற்றைக்கால் தாங்கி ஒன்று. வலசைப் பறவைகள் செப்டம்பர் முதல் மார்ச் வரை இருக்கும்.

"கெரோசல் இணையச் சந்தையில் பழைய டிஎஸ்எல்ஆர் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது எதைச் சோதிப்பது?" (புக்கிட் பாத்தோக் வாசகர்)

போவதற்கு முன்பே மெமரி கார்டு வகையைக் கேளுங்கள். கேனான் 40டி, 50டி, நிக்கான் டி200, டி300 போன்றவற்றுக்கு காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு வேண்டும். எஸ்டி கார்டு நேராக நுழையாது.

நிக்கான் என்றால் இன்னொன்று. டி40, டி60, டி3000, டி5000 வரிசைகளின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கும் பழைய 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸ் அவற்றில் தானாக ஃபோகஸ் ஆகாது. டி90, டி7000இல் ஆகும். லென்ஸுக்காகத்தான் டிஎஸ்எல்ஆர் வாங்குகிறோம் என்பதால் இதைக் கவனிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நேரில் போகும்போது உங்கள் சொந்த கார்டைக் கொண்டுபோங்கள். அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்பை) எஃப்/16க்கு வைத்து வெளிறிய வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு. ஊதியால் போய்விடும், விலையைக் குறைக்கச் சொல்லலாம். கோடுகோடாகத் தெரிந்தால் யாரோ தவறாகத் துடைத்திருக்கிறார்கள், வேண்டாம். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை நிக்கான் படக்கோப்பிலேயே பதிந்து வைக்கும். கேனானில் பெரும்பாலும் அப்படி இருக்காது. டி90, 40டி போன்றவற்றின் ஷட்டர் ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டியும் ஓடும், ஆனால் விலை அதற்கேற்ப இறங்க வேண்டும். பேட்டரி மூடி, கார்டு மூடி இரண்டையும் திறந்து மூடிப் பாருங்கள். ரப்பர் பிடி பிசுபிசுப்பாக இருந்தால் ஈரத்தில் கிடந்த கேமராவாக இருக்கலாம். கைவிளக்கை எடுத்து லென்ஸையும் ஒருமுறை பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.