மாதிரி இன்ஜின் செய்யும் பிள்ளைக்குக் கேட் வகுப்பா, சிஎன்சி மெஷினா?

அன்புள்ள அம்மா,

போன வாரம் நீங்கள் தம்பியோடு ஆலோசனைக்கு வந்து போன பிறகு உங்கள் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. "பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அரமும் பித்தளைத் துண்டுமாக உட்கார்ந்து விடுகிறான். இப்போது கேட் வகுப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறான், வீட்டில் வைக்கச் சின்னதாக ஒரு சிஎன்சி மெஷினும் வேண்டுமாம். இது படிப்பைக் கெடுக்குமா, பிழைப்புக்கு ஆகுமா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஆட்கள் காத்திருந்ததால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன். கேட் என்பது பாகங்களைக் கணினியில் வரையும் முறை. சிஎன்சி என்பது எழுதிக் கொடுத்த ப்ரோகிராமின்படி தானாக வெட்டும் மெஷின்.

அவன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய அந்த இன்ஜினைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். உங்கள் கண்ணுக்கு அது பொம்மை. ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது ஆடும் சிலிண்டர் வகை. தனியாக வால்வு கிடையாது. சிலிண்டரே ஒரு முளையில் தொங்கி இடமும் வலமும் ஆடும். ஆடும்போது அதிலுள்ள துளை, அதைத் தாங்கும் சட்டத்தில் ஒரு பக்கம் காற்று வரும் துளையோடும், மறுபக்கம் காற்று வெளியேறும் துளையோடும் மாறி மாறிச் சேரும். அந்தத் துளைகளை எங்கே போடுவது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது.

அவன் இன்ஜினில் பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கின் ஆரம் 8 மி.மீ., முளையிலிருந்து கிராங்க் மையம் 40 மி.மீ. எட்டை நாற்பதால் வகுத்தால் 0.2. சைன் மதிப்பு 0.2 என்றால் கோணம் ஏறக்குறைய 11.5 டிகிரி. சிலிண்டர் ஒவ்வொரு பக்கமும் அவ்வளவுதான் சாயும். முளையிலிருந்து 15 மி.மீ. தள்ளி இருக்கும் துளை அந்தச் சாய்வில் சரியாக 3 மி.மீ. நகரும். ஆகவே சட்டத்தில் போடும் இரண்டு துளைகளும் நடுக்கோட்டிலிருந்து மும்மூன்று மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். எந்தத் துளையும் 3 மி.மீ. விட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சிலிண்டர் நேராக நிற்கும் நொடியில் இரண்டு துளையும் ஒன்றாகத் திறந்து காற்று வீணாகும். தம்பி 3.2 டிரில் போட்டிருக்கிறான். "ஊதினால் ஓடுது சார், ஆனால் மெதுவாகத் திருப்பினால் நின்றுவிடுது" என்று அவனே சொன்னான். காரணம் அதுதான்.

இந்தக் கணக்கு பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தில் திரிகோணமிதிப் பாடத்தில் இருப்பதுதான். அதே பாடத்தில் அவன் காலாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைவு என்று வருத்தப்பட்டீர்கள். அன்றைக்கு நான் ஒரு தாளில் இதை எழுதிக் காட்டியபோது அவன் முகம் மாறியதை நீங்களும் பார்த்தீர்கள். அதனால் பொழுதுபோக்கு படிப்பைக் கெடுக்கிறது என்ற பயத்தை விடுங்கள். இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு ஆள்தான் தேவைப்பட்டது.

சரி, பணத்துக்கு வருவோம். அந்த 45,000 ரூபாயை இப்போது கட்ட வேண்டாம்.

கேட் கற்பது வீண் என்று சொல்லவில்லை, அவசியம் கற்க வேண்டும். ஆனால் பள்ளி மாணவனுக்கு மென்பொருளுக்காகச் செலவே தேவையில்லை. ஃப்ரீகேட் முழுக்க இலவசம். ஃபியூஷனில் சொந்த உபயோகத்துக்கான இலவச உரிமம் உண்டு. ஒரே நேரத்தில் 10 கோப்புகளுக்கு மேல் திருத்த முடியாது என்பது போன்ற சில கட்டுப்பாடுகள் இருந்தாலும் அவன் தேவைக்கு அதுவே தாராளம். பல வகுப்புகளில் ஒரு மாதம் முழுவதும் எந்தக் கட்டளை எந்த பட்டனில் இருக்கிறது என்று காட்டிவிட்டுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்கள். அப்படி வந்த ஒரு பையனை ஒரு நேர்முகத் தேர்வில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். திரையில் அழகான கியர் பாக்ஸ் சுழன்றது. கையில் வெர்னியர் அளவுகோலைக் கொடுத்து, புஷ் என்ற ஒரு சின்னக் குழல் பாகத்தை அளக்கச் சொன்னார்கள், அளவு படிக்கத் தெரியவில்லை. அவன் மேல் குற்றம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தம்பி கேட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. தான் ஏற்கெனவே செய்த அந்த இன்ஜினையே அளந்து, ஒவ்வொரு பாகமாக வரைந்து, திரையில் பொருத்தி, கிராங்க்கைச் சுற்றிப் பார்க்கட்டும். துளை எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று கண்ணால் தெரியும். அப்புறம் ஒவ்வொரு பாகத்துக்கும் தாளில் அச்சிடும் வரைபடம் எடுக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் பொறியியல் வரைபடம் முதல் கோண முறையில் இருக்கும். அமெரிக்க மாதிரி இன்ஜின் வரைபடங்கள் மூன்றாம் கோண முறையில், அங்குல அளவில் இருக்கும். இரண்டு முறையிலும் பக்கத் தோற்றத்தை எதிரெதிர்ப் பக்கத்தில் வரைவார்கள். அது எந்தப் பக்கம் வரையப்பட்டிருக்கிறது என்பதைத் தவறாகப் படித்தால் பாகம் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி வந்து சேரும். வரைபடத்தின் மூலையில் இருக்கும் சின்னக் கூம்புக் குறியைப் பார்க்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

வரைபடத்தில் வெறும் 6 மி.மீ. என்று போட்டால் போதாது என்பதையும் அப்போதுதான் கற்பான். கிராங்க் தண்டு எளிதாகச் சுழல வேண்டும், ஆடவும் கூடாது. அதற்குத் துளைக்கு எச்7, தண்டுக்கு ஜி6 என்று அளவு எல்லை வைக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. 6 மி.மீ.க்கு அதன்படி துளை 6.000 முதல் 6.012 வரை, தண்டு 5.988 முதல் 5.996 வரை. வெர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவே 0.02 மி.மீ. இந்த வித்தியாசமெல்லாம் அதன் கண்ணுக்கே படாது. தச்சரும் கொத்தனாரும் சொல்லும் ஒரு நூல் என்பது 3 மி.மீ.க்குச் சற்று அதிகம். அந்த ஒரு நூலை 300 பங்கு போட்டு அதில் ஒரு பங்கைப் பற்றித்தான் இங்கே கவலைப்படுகிறோம். செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் நல்லதாக ஒரு 0–25 மைக்ரோமீட்டரும், துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ஒரு 6 மி.மீ. ரீமரும் வாங்கிக் கொடுங்கள். பிறந்தநாள் பரிசாகவே கொடுக்கலாம்.

அடுத்தது அந்த வீட்டு சிஎன்சி. அவன் காட்டிய 3018 என்ற வகை மெஷினில் வேலை செய்யும் பரப்பு 300க்கு 180 மி.மீ. மரம், அக்ரிலிக், சர்க்யூட் போர்டு இவற்றை நன்றாகச் செதுக்கும். அலுமினியத்தை மிக மெல்லிய அடுக்காக, பொறுமையாகச் சுரண்டும். எஃகு ஆகாது. அதன் சட்டத்துக்கு விறைப்பு போதாது, மோட்டாரும் சிறியது. டூல் உலோகத்தைத் தள்ளும்போது உலோகமும் டூலைத் திருப்பித் தள்ளும் அல்லவா, அந்த அழுத்தத்தில் சட்டமே வளையும். இன்ஜின் சிலிண்டர் செய்ய வாங்கினால் மூன்றே மாதத்தில் மனம் உடைந்து மூலையில் போட்டுவிடுவான். அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்கிறேன்.

அவனுக்கு வேண்டியது, உலோகத்தைச் சுழற்றி வெட்டும், கையால் ஓட்டும் ஒரு லேத். வாங்கவும் வேண்டாம். நீங்கள் இருப்பது கோயம்புத்தூர் பக்கம். கணபதியிலும் சிங்காநல்லூரிலும் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. இந்த ஊர் பம்பும் மோட்டாரும் நூற்பாலை இயந்திரமும் செய்து வளர்ந்த ஊர். எல்எம்டபிள்யூ நிறுவனம் இங்கேயே சிஎன்சி லேத்தும் செய்கிறது. தெரிந்த ஒரு பட்டறைக்காரரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம், கூடவே லேத் ஓட்டும் ஒரு டர்னர் அண்ணன் நிற்க, பையன் கற்றுக்கொள்ளட்டும். பொருளுக்கும் நேரத்துக்கும் காசு கொடுத்துவிடுங்கள், இலவசமாகக் கேட்க வேண்டாம்.

கைப்பிடியைத் திருப்பி வெட்டும்போதுதான் டூல் உலோகத்தில் இறங்குவது கையில் தெரியும். பித்தளை பொடியாகத் தெறிக்கும், எஃகு சுருளாக வரும். டூல் மழுங்கினால் சத்தம் மாறும். சிஎன்சியில் கதவு மூடியிருக்கும், உள்ளே சூட்டைத் தணிக்கும் கூலண்ட் கொட்டும், ஒன்றும் கையில் தெரியாது. லேத்தில் பழகிய காதுதான் அங்கே துணை. ஆலோசனை வேலைக்கு வருமுன் 9 வருடம் நான் சிஎன்சி மெஷினில் டூலையும் அளவையும் அமைக்கும் செட்டராக இருந்தேன். முதல் வருடம் டூலுக்கான அளவுத் திருத்தத்தில், அதாவது ஆஃப்செட்டில், 0.2 குறைக்க வேண்டிய இடத்தில் 2.0 என்று அடித்துவிட்டேன். டூல் வெட்டும் பீஸுக்குள் ஆழமாக இறங்கியது. கையில் பழகியவன் என்பதால் சத்தம் கேட்டவுடனே டூல் நகர்வதை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனை அழுத்தினேன். டூலின் வெட்டுமுனையான இன்செர்ட்டும் ஒரு பீஸும் போனது, பீஸைப் பிடித்துச் சுழற்றும் சக் தப்பித்தது.

பட்டறையில் சில விஷயங்களுக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது. கண்ணாடி போடாமல் மெஷின் அருகே போகக் கூடாது. முழுக்கைச் சட்டை, கைக்கடிகாரம், கழுத்துச் செயின், கையுறை எதுவும் லேத்தில் ஆகாது. சுழலும் சக் ஒரு நூலிழையைப் பிடித்தாலும் கையையே இழுத்துக்கொள்ளும். சக்கை இறுக்கும் சாவியைக் கழற்றாமல் மோட்டாரைப் போடக் கூடாது. சுருளைக் கையால் எடுக்கக் கூடாது. முதல் நாள் நீங்களே கூடப் போய், அங்கே இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். சொல்லாத பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

ஆறு மாதம் இப்படிப் போனால் சிஎன்சி தானாகப் பிடிபடும். ப்ரோகிராமில் ஜி0 என்றால் வேகமாக நகர், ஜி1 என்றால் சொன்ன வேகத்தில் வெட்டிக்கொண்டு நேராகப் போ, ஜி2, ஜி3 என்றால் வளைந்து போ. லேத்தில் எக்ஸ் என்று எழுதுவது விட்டத்தை, ஆரத்தை அல்ல. இவ்வளவு தெரிந்தாலே தன் பிஸ்டனுக்கு ஒரு ப்ரோகிராமை நோட்டில் எழுதிவிடலாம். எழுதியதை வீட்டிலேயே கணினியில், லேத்துக்கான ஒரு சிமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கலாம். கணினியே ப்ரோகிராம் எழுதித் தரும் கேம் மென்பொருளுக்கு அப்புறம் போகட்டும். கையால் எழுதத் தெரிந்தவனுக்குத்தான் கணினி எழுதியதில் தப்பு எங்கே என்று தெரியும்.

இனி பிழைப்பு. "சிஎன்சி படித்தால் வேலை" என்று விளம்பரம் செய்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பீஸை மாட்டிக் கழற்றும் ஆபரேட்டர் வேலை சுலபமாகக் கிடைக்கும். அதில் சம்பளம் குறைவு, இரவு ஷிப்டும் உண்டு. அங்கேயே நின்றுவிடுபவர்கள் அதிகம். செட்டர், ப்ரோகிராமர், டூல் டிசைனர் என்று மேலே போகிறவர்களுக்கு வரைபடமும் அளவும் உலோகமும் சேர்ந்து புரிந்திருக்கும். தம்பி இப்போது செய்துகொண்டிருப்பது அதுதான்.

அவன் கணிதப் பிரிவில் இருப்பதால் எல்லா வழியும் திறந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்து கவுன்சிலிங்கில் மெக்கானிக்கலோ மெக்கட்ரானிக்ஸோ எடுக்கலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், அதை முடித்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் போகலாம். ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட், டூல் அண்ட் டை மேக்கர் எல்லாம் இரண்டு வருடப் படிப்புகள். ஐடிஐ என்றதும் உங்கள் முகம் சுருங்கியது, கவனித்தேன். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் இயல்புதான். ஆனால் உலகத் திறன் போட்டி என்று ஒன்று இருக்கிறது. சிஎன்சி டர்னிங், சிஎன்சி மில்லிங், மெக்கானிக்கல் கேட் மூன்றுக்கும் அதில் தனித்தனிப் போட்டி. இந்தியாவும் பிள்ளைகளை அனுப்புகிறது. எந்த வழி என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. அரையாண்டு விடுமுறைக்குள் அவனுக்கு மெஷின் அருகே நிற்பது பிடிக்கிறதா, வரைவது பிடிக்கிறதா என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு வேலை அவனிடம் சொல்லுங்கள். சட்டத்துத் துளைகளைப் புதிதாக ஒரு பித்தளைத் தகட்டில், 2.9 டிரில்லில், நடுக்கோட்டிலிருந்து மும்மூன்று மி.மீ.யில் போடட்டும். சிலிண்டருக்கும் புதுத் துளை வேண்டும், பழைய 3.2 உதவாது. டிசம்பர் விடுமுறையில் இன்ஜினையும், அவன் வரைந்த தாள்களையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கம்ப்ரஸர் பக்கத்துப் பஞ்சர் கடையில் இருக்கிறது. மெதுவாகத் திருப்பினாலும் நிற்காமல் ஓடுகிறதா என்று மூன்று பேரும் சேர்ந்து பார்ப்போம்.