மகளுக்குக் குதிரையேற்ற ஆசை: சேமிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் சார். என் மகளுக்கு 12 வயது. காட்பாடி பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் சேர வேண்டும் என்கிறாள். கட்டணம் மாதம் 4,000 ரூபாய். அமெரிக்காவில் ஃபோர்-எச் என்ற இளைஞர் அமைப்பின் விதிகளை எங்கோ படித்துவிட்டு, சொந்தக் குதிரை இருந்தால்தான் சேர முடியும் என்று நினைக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் அந்தியூர் சந்தையில் வாங்கிய குதிரையை 90,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நான் ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். செலவு போக மாதம் 6,000 மிஞ்சும். அதில் 3,000 செல்வமகள் கணக்குக்குப் போகிறது. அதை நிறுத்திவிட்டுக் கடன் வாங்கி அந்தக் குதிரையை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஃபோர்-எச் அமைப்பிலேயே சொந்தக் குதிரை இல்லாத பிள்ளைகள் பல இடங்களில் வேறொருவர் குதிரையைக் குத்தகைக்கு எடுத்துப் பங்கேற்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளியில் குதிரை பள்ளியுடையது. வயதுச் சான்று, பெற்றோர் ஒப்புதல், மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று போன்றவற்றைத்தான் கேட்பார்கள்.

குதிரைக்குக் கொடுக்கும் விலை ஆரம்பச் செலவு மட்டுமே. 400 கிலோ குதிரைக்குத் தினமும் சுமார் 8 கிலோ உலர் தீவனம் வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். தடுப்பூசி, மருந்து, லாயம், பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் தனி. நன்றாகப் பராமரித்தால் 25 வருடத்துக்கு மேலும் வாழும். உங்கள் மகள் கல்லூரிக்குப் போன பிறகும் அதற்குத் தீனி போட வேண்டியது நீங்கள்தான். கடன் தவணையையும் சேர்த்தால் 6,000 ரூபாயில் இது நடக்காது.

செல்வமகளை நிறுத்தாதீர்கள். அந்தப் பணத்தை இப்போது எடுக்கவும் முடியாது. மகள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ 18 வயது ஆன பிறகோ, மேற்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். அது அவள் படிப்புப் பணம்.

அப்படியென்றால் மீதி 3,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு உண்டா, கட்டணம் எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். முதலில் மூன்று மாதம் மட்டும் சேர்த்துப் பாருங்கள். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். வேலூர் வெயிலுக்கு மே மாதம் வகுப்பு நடக்காவிட்டால் அந்த மாதத்துக்கும் பணம் வாங்குவார்களா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே பொருள் ஹெல்மெட். குதிரையேற்றத்துக்கென்றே செய்த புது ஹெல்மெட் வாங்குங்கள். பைக் ஹெல்மெட் சரிப்படாது. பழையதும் வேண்டாம், ஏற்கெனவே அடிபட்டதா என்று பார்த்தால் தெரியாது. பலமாக ஒருமுறை விழுந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். பூட்ஸ் பழையதே போதும், ஆனால் குதிகால் உயரம் கொஞ்சம் இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் அங்கவடிக்குள் (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) கால் நழுவிச் சிக்கிக்கொள்ளும். 10 வயதில் போட வேண்டிய டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். குதிரைச் சாணம் கிடக்கும் மண்ணில் அந்தக் கிருமி இருக்கும்.

அப்புறம் காப்பீடு. மருத்துவக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு (அதில் அடிபட்டால் பணம் தர மாட்டார்கள்) என்று ஒரு பிரிவு இருக்கும். பொதுவாக அது தொழில்முறையாக ஈடுபடுவோருக்குத்தான். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குப் பொருந்துமா என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். பள்ளியின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், விபத்து நடந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.