புது மினி டிராக்டரில் பின்சக்கர நட் தளர்வது
நட்டை இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், வண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பத்து மணி நேரம் ஓட்டியதுமே பின்சக்கர நட் தளர்ந்தது என்கிறீர்கள். புது வண்டியில் இது சகஜம். டிஸ்க்குக்கும் (சக்கரத்தின் நடுத்தகடு) ஹப்புக்கும் (அது பொருந்தும் அச்சு முனை) நடுவே உள்ள பெயின்ட் நசுங்கியதும் பிடி குறையும்.

டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பானர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு எதிரெதிர் நட்டாக இறுக்குங்கள். கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியே டயர் காற்றையும் அளந்துவிடுங்கள். லாரியில் ஏற்றுவதற்காக அதிகம் அடித்த காற்றைச் சில டீலர்கள் குறைக்காமலே கொடுத்துவிடுகிறார்கள்.

நட்டைச் சுற்றித் துருநிறத் தூள் ஒட்டியிருந்தால் மட்டும் கவனம். டிஸ்க் ஆடியிருக்கிறது. ஒரு நட்டைக் கழற்றுங்கள். டிஸ்க்கின் ஓட்டை நீண்டிருந்தாலோ, ஸ்டட் (நட் மாட்டும் போல்ட்) மரை தேய்ந்திருந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். போட்டோ எடுத்து வாரண்டியில் மாற்றக் கேளுங்கள். 50 மணி நேர சர்வீஸ் வரை தள்ளிப்போட வேண்டாம்.