ஹோம் ஆடியோவில் ஒலியின் குணத்தை அதிகம் மாற்றுவது எது: ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபயரா, டிஏசியா, கேபிளா?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது. கையில் ஒரு செட் இருக்கிறது, சத்தம் மனதில் ஒட்டவில்லை, அடுத்து எதை மாற்றலாம் என்று ராத்திரி தூங்காமல் விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் கிடந்தேன். உங்கள் பட்டியலில் பெரிய ஆள் ஒருவரே விட்டுப்போயிருக்கிறார்: அறை.

எனக்கு ஆண் குரல் எல்லாம் பானைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்டது. பேஸ் கிட்டார் சுரம் சுரமாக வராமல் மொத்தமாக ஒரு 'ம்ம்ம்'. ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு இல்லை என்று முடிவு கட்டி, பெரிதாக ஒன்று வாங்கினேன். பத்து நாள் பிரமாதம். பதினோராம் நாள் அதே பானை. அப்புறம் விரல் தடிமனில் கேபிள். அந்தச் சந்தோஷம் ஒரு வாரம். அப்புறம் டிஏசி, அதாவது டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் மின் அலையாக மாற்றும் பெட்டி. அதற்கு மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சாமான்களை நடுவில் இழுத்துப் போட்டு, திரைச்சீலைகளைக் கழற்றி, கம்பளத்தைச் சுருட்டி வைத்திருந்தோம். வேலை முடிந்த மாலை சும்மா ஒரு பாட்டைப் போட்டால், பேஸ் ஒவ்வொரு சுரமாகத் தெளிவாக வருகிறது. ஆனால் ஜால்ராவும் 'ச' எழுத்துகளும் காதைக் கீறுகின்றன. ஒரு ஒயரைக்கூட நான் மாற்றவில்லை. மூலையில் கிடந்த ஸ்பீக்கர்கள் சுவரை விட்டு வெளியே வந்திருந்தன, துணிமணி எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, பெட்டிக்கு முன்னால் மட்டும் போவதில்லை, எல்லாப் பக்கமும் பரவும். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதை ஊதிப் பெருக்கும். போதாததற்கு அறைக்கே சொந்தச் சுருதி உண்டு. 4 மீட்டர் நீள அறை சுமார் 43 ஹெர்ட்ஸில் முழங்கும், மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் அதை நன்றாகவே தூண்டிவிடும். திரையும் கம்பளமும் ட்ரெபிளை, அதாவது உச்ச ஒலியைத்தான் குடிக்கும், பேஸை ஒன்றும் செய்யாது.

"அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒன்றுதானா?" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. 8 ஓம் மின்மறுப்பு (மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கு இறங்கும், சிலவற்றில் 20 ஓமுக்கு ஏறும். கண்ணாடிக் குழாய் வைத்த சில வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது ஸ்பீக்கர் மாட்டும் முனையில் ஆம்ப்ளிஃபயரே காட்டும் எதிர்ப்பு, 3 ஓம்கூட இருக்கும். அதை இந்த ஸ்பீக்கரில் மாட்டினால் இரண்டு இடங்களுக்கும் நடுவே மூன்றரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வரும். அது யார் காதுக்கும் கேட்கும். 0.1 ஓம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் அதே வித்தியாசம் கால் டெசிபல்கூட இல்லை. வால்வு ஆம்ப்ளிஃபயருக்குத் தனிக் குணம் உண்டு என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் என் பழைய ஆம்ப்ளிஃபயரும் புதியதும் இரண்டுமே டிரான்சிஸ்டர்!

தம்பியை விட்டு, எது ஓடுகிறது என்று எனக்குத் தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். முதல் சுற்றில் புதியதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு மீசையை முறுக்கினேன். அது கொஞ்சம் சத்தமாக ஓடியிருக்கிறது. அரை டெசிபல் கூடினாலே 'தெளிவு' என்று காது ஏமாந்துவிடும். 100 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைச் சமன் செய்த பிறகு, பத்துக்கு ஐந்து. நாணயத்தைச் சுண்டியே சொல்லியிருக்கலாம். என் காது, என் ஸ்பீக்கர். உங்களுக்குக் கேட்டால் கேட்கட்டும், வாதாட வரவில்லை.

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தப் புது ஆம்ப்ளிஃபயருக்கு விளக்கப் புத்தகமே கிடையாது. ஒரு துண்டுச் சீட்டில் க்யூஆர் கட்டம், அதைத் திறந்தால் 'கணக்குத் தொடங்குங்கள்'. இரண்டு ஒயரை எங்கே சொருகுவது என்று பார்க்க என் பிறந்த தேதி எதற்கு? பழைய பெட்டியோடு சர்க்யூட் வரைபடமே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். சரி, விடுங்கள்.

ஆக, என் வரிசை: ஸ்பீக்கர், அதற்குச் சமமாக அறையும் வைக்கும் இடமும், ரொம்பத் தள்ளி ஆம்ப்ளிஃபயர், இன்னும் தள்ளி டிஏசி. கேபிள் போதிய தடிமனும் சரியான பிளஸ் மைனஸும் இருந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் மாற்றி மாட்டினால் பேஸ் காணாமல் போகும், அதை முதலில் பாருங்கள்.

இப்போது என் ஸ்பீக்கர்கள் பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கின்றன, திரைச்சீலை பழைய இடத்தில். "மூலையில் வைக்காதீங்கன்னு முதல் நாளே சொன்னேன்" என்கிறாள் மனைவி. அவள் சொன்னது பின்னால் பெருக்க முடியவில்லை என்பதற்காக. உங்கள் அறையின் நீள அகலத்தையும், ஸ்பீக்கர் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கீழே எழுதுங்கள், பார்க்கலாம். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.