சூடாகிற பிஎஸ் 4, மின்னல் அடிச்ச எச்டிஎம்ஐ, தானா நடக்கிற கொன்ட்ரோலர்: உங்கட கேள்வியளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்வியள்ல அரைவாசிக்கு மேல ஒரே கதைதான், நேற்று வரைக்கும் நல்லா ஓடின கேம் செற், இண்டைக்கு நிண்டுட்டுது எண்டு. கிளிநொச்சியில இருந்து கன வருசமா இந்தப் பெட்டியளத் திறந்து பாக்கிற ஆள் நான், எங்கட பக்கம் வாற செற்றுகள்ல பெட்டிக்குள்ள தானா வந்த பழுது குறைவு, வெளியால இருந்து உள்ளுக்க போன பழுதுதான் கூட, கரண்ட், மின்னல், புழுதி, பூச்சி எண்டு. அதோட இதெல்லாம் கனபேருக்கு கனடாவிலயோ லண்டனிலயோ இருக்கிற மாமா, சித்தி அனுப்பின சாமான், போனா இன்னொண்டு லேசில வராது. அதால சில கேள்விக்குக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதியிருக்கிறன், பொறுமையா வாசியுங்கோ.

அண்ணை, என்னட்ட இருக்கிறது பழைய பெரிய பிஎஸ் 4 (பிளேஸ்டேஷன் 4). கேம் போட்டு 20 நிமிசத்தில பயங்கரமா இரைஞ்சு பிறகு தானா நிக்குது. டயர் கடையில குடுத்து காத்து அடிச்சனான், அப்பவும் அப்பிடித்தான். (மாங்குளம்)

தம்பி, முதல்ல அந்த டயர் கடைக் காத்தை விடுங்கோ. கொம்பிரசர் டாங்கியில எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், காத்தோட சேர்ந்து அதுவும் செற்றின்ர போட்டுக்குள்ள, சிப்பெல்லாம் இருக்கிற அந்தப் பலகைக்குள்ள, போகும். மற்றது அந்த அழுத்தத்தில ஃபான் தன்ர வேகத்தை விட பல மடங்கு வேகமாச் சுத்தும், பெயாரிங் போகும், சுத்திற ஃபான் டைனமோ மாதிரி கரண்டும் உண்டாக்கும், அந்தக் கரண்ட் திரும்பிப் போட்டுக்குத்தான் போகுது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட சனம் நாங்கள், உங்கட அப்பாட்டக் கேட்டா வடிவாச் சொல்லுவார்.

வெளியால இருந்து காத்து அடிச்சா புழுதி வெளிய வராது, இன்னும் உள்ளுக்க போய் இறுகும். ரெண்டு கிழமைக்கு முதல் ஒரு செற் திறந்தனான், சிப்பின்ர சூட்டை இழுத்து விடுற ஹீற்சிங்க் தகடுகளுக்கு நடுவில செம்மண் புழுதி பழைய சாக்குத் துண்டு மாதிரி படிஞ்சு போய், நகத்தால ஒரு ஓரத்தைப் பிடிச்சு இழுக்க முழுசா ஒரு துண்டாக் கழண்டு வந்தது, ஃபான் பக்கம் சிவப்பா இருந்தது, தகட்டுப் பக்கம் கரும்பழுப்பு. அதுக்குள்ளால எப்பிடிக் காத்துப் போகும்? ஃபான் தன்ர பலத்துக்கு இரைஞ்சு பாக்கும், சூடு எல்லை தாண்டினா செற் தன்னைத்தானே நிப்பாட்டும். அது பழுது இல்லை, செற் தன்னைக் காப்பாத்திறது, அந்தக் கட்டத்தில கொண்டு வந்தா 10க்கு 9 செற் தப்பும்.

திறக்கிறதெண்டா பின்பக்கம் ஸ்டிக்கருக்குக் கீழ இருக்கிற ஆணிக்கு நடுவில ஓட்டை உள்ள டி8 நட்சத்திர ட்ரைவர் வேணும், சும்மா மட்ட ட்ரைவரால திருகினா ஆணித் தலை போயிடும், பேந்து எனக்கும் கஷ்டம் உங்களுக்கும் கஷ்டம். ஃபானை விரலால பிடிச்சுக்கொண்டு பெயின்ற் பிறஷ்ஷால தட்டி எடுங்கோ. சிப்புக்கு மேல இருக்கிற, சூட்டை ஹீற்சிங்குக்குக் கடத்திற தேர்மல் பேஸ்ட் 2013, 2014 செற்றுகள்ல எல்லாம் இப்ப காஞ்ச சுண்ணாம்பு மாதிரி இருக்கும், அதையும் மாத்தோணும், ஆனா அதுக்கு முழுப் போட்டும் வெளிய வரோணும், முதல் முறை எண்டா தெரிஞ்ச ஒராளை வச்சுச் செய்யுங்கோ. சோளகம் அடிக்கிற மாசங்கள்ல கிரவல் றோட்டுக் கரை வீடுகளுக்கு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா துப்பரவு செய்யச் சொல்லுறனான். கண்ணாடி அலுமாரிக்குள்ள வச்சு விளையாடாதேங்கோ, ஓடேக்க மேல சீலை போடாதேங்கோ, நிப்பாட்டி ஆறின பிறகு மூடினாக் காணும்.

இரவில எங்கட பக்கம் வோல்ட்டேஜ் சரியாக் குறையுது, லைற் மங்கிப் போகும். பிஎஸ் 4க்கு ஸ்டெபிலைசர் வாங்கவோ? (புதுக்குடியிருப்பு)

வாங்க வேண்டாம். இது கனபேர் பிழையா விளங்கின இடம். பிஎஸ் 4ன்ர பவர் சப்ளை 100இல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், 180க்கு இறங்கினாலும் அதுக்கு ஒண்டும் இல்லை. ஃபிரிட்ஜ்தான் அதுக்குப் பயப்பிடோணும், கேம் பெட்டி இல்லை. எங்களுக்குக் கேடு குறையிறதால இல்லை, போய் வரேக்க அடிக்கிற அடியால. கரண்ட் வந்த அந்த முதல் நொடியில லைன் நிலையா நிக்காது, பக்கத்து வயல் மோட்டரெல்லாம் ஒண்டா இழுக்கும். இன்னொண்டு, லைன்ல நியூட்ரல் கம்பி கழண்டா 230 வரவேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் கிட்ட வரலாம், ஒரு ஒழுங்கையில நாலு வீட்டு ரீவி ஒரே இரவில போறது அப்பிடித்தான்.

அதால செய்ய வேண்டியது ரெண்டு. கரண்ட் போன உடன சுவிச்சை நிப்பாட்டிறதோட விடாமல் பிளக்கைக் கழட்டுங்கோ, வந்து 10 நிமிசம் கழிய பூட்டுங்கோ. காசு இருந்தா ஸ்டெபிலைசருக்குக் குடுக்கிற காசை ஒரு 650 விஏ யூபிஎஸ்ஸுக்குக் குடுங்கோ, பெரிய பிஎஸ் 4 ஓடேக்க 150 வாட் மட்டில இழுக்கும், ரீவியோட சேர்த்தும் கேமை சேவ் பண்ணி ஒழுங்கா நிப்பாட்ட 5 நிமிசம் கிடைக்கும், அது காணும். விளையாட இல்லை அந்த 5 நிமிசம், நிப்பாட்ட.

பவர் சப்ளை வெடிச்ச மணம் வந்தா உடன செற் முடிஞ்சுது எண்டு நினைக்க வேண்டாம். அதுக்குள்ள ஃபியூஸும் பக்கத்தில நீலத் தட்டு மாதிரி ஒரு வேரிஸ்டரும் இருக்கு, அடியை வாங்கிச் சாகத்தான் அதை வச்சிருக்கினம். அது ரெண்டையும் மாத்தி எழும்பின செற் எத்தினையோ.

மின்னல் அடிச்ச பிறகு பிஎஸ் 4 வெள்ளை லைற் எரியுது, ஆனா ரீவியில படம் இல்லை. பிளக் எல்லாம் கழட்டித்தான் வச்சிருந்தம், பிறகு எப்பிடி? (ஒட்டுசுட்டான்)

கரண்ட் பிளக்கைக் கழட்டினீங்கள், ரீவிக்குப் படம் கொண்டு போற எச்டிஎம்ஐ வயரைக் கழட்டினீங்களோ? உங்கட ரீவிக்கு கூரையில நிக்கிற டிஷ்ஷில இருந்து ஒரு வயர் வருது, மின்னல் கிட்ட விழேக்க அந்த வயரால ரீவிக்கும் ரீவியில இருந்து எச்டிஎம்ஐயால செற்றுக்கும் வரும். ஐப்பசி கார்த்திகையில, பிறகு பங்குனி சித்திரை இடிமழையில என்ர மேசைக்கு வாற செற்றுகள்ல இது ஒரு பெரிய பங்கு. வானம் இருண்டா டிஷ் வயர், எச்டிஎம்ஐ, கரண்ட், றவுட்டர் வயர் நாலையும் கழட்டோணும், ஒண்டு விட்டாலும் கழட்டாத மாதிரித்தான்.

உங்கட செற்றில முதல்ல வேற வயர், வேற ரீவி போட்டுப் பாருங்கோ. பிறகு டோர்ச் அடிச்சு எச்டிஎம்ஐ ஓட்டைக்குள்ள பாருங்கோ, 19 முள் நேரா நிரையா நிக்கோணும், ஒண்டு வளைஞ்சிருந்தாலும் படம் வராது, அப்பிடியெண்டா ஓட்டையை மட்டும் மாத்தினாச் சரி. முள் எல்லாம் நேரா இருந்தும் படம் இல்லையெண்டா ஓட்டைக்குப் பக்கத்தில படத்தை எச்டிஎம்ஐக்கு மாத்திக் குடுக்கிற ஒரு சின்னச் சிப் இருக்கு, அது அடிபட்டிருக்கும். அதையும் மாத்தலாம், ஆனா ஹொட் எயாரும் நல்ல கண்ணும் கையும் வேணும், செய்து பழகின ஆளிட்ட மட்டும் குடுங்கோ.

இதோட ஒண்டு. செற்றின்ர எச்டிஎம்ஐ முனையைத் தொட சுள்ளெண்டு இழுக்குது எண்டு கனபேர் சொல்லுறவை. எங்கட ரீவி, செற் ரெண்டும் பெரும்பாலும் ரெண்டு முள்ளு வயர், எர்த் இல்லை, அதால உடம்பில கொஞ்சம் கரண்ட் மிதந்துகொண்டு நிக்கும். ரெண்டும் ஓடிக்கொண்டிருக்கேக்க எச்டிஎம்ஐயைப் பூட்டினா முனையில சின்னப் பொறி பறக்கும், அந்தச் சிப்புக்கு அது காணும். ரெண்டின்ர பிளக்கையும் கழட்டிப்போட்டு வயரைப் பூட்டுங்கோ, செலவில்லாத வேலை.

மாமா கனடாவில இருந்து எக்ஸ்பொக்ஸ் 360 கொண்டு வந்தவர். பொத்தானைச் சுத்திச் சிவப்பு லைற் வருது. ஹீற் கன் அடிச்சா சரிவருமெண்டு வீடியோவில காட்டினம், செய்யவோ? (பரந்தன்)

முதல்ல லைற்றை எண்ணுங்கோ. 4 பக்கமும் சிவப்பெண்டா ரீவி வயர் ஒழுங்காப் பூட்டேல்லை, அவ்வளவுதான், கழட்டிப் பூட்ட ஓடும். 2 சிவப்பெண்டா சூடு, ஆற விட்டுப் புழுதி எடுங்கோ. 3 சிவப்பெண்டாத்தான் உலகம் முழுக்கப் பேரெடுத்த அந்தப் பழுது. 2005இல வந்த செற்றுகள் இப்பிடி அள்ளுகொள்ளையாப் போகத் தொடங்கி, 2007இல மைக்ரோசொஃப்ட் அந்த 3 லைற் பழுதுக்கு மட்டும் வொரண்டியை 3 வருசமாக்கினது, அதுக்கு 100 கோடி டொலருக்கு மேல ஒதுக்கினவை.

ஏன் பழுதானதெண்டா, சிப் சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும், திரும்பத் திரும்ப அப்பிடி நடக்க உள் இணைப்பு வெடிக்கும். ஹீற் கன் அடிக்க அந்த வெடிப்பு கொஞ்ச நேரம் ஒட்டின மாதிரி நிக்கும், செற் ஓடும், வீடியோ எடுக்கிறவர் அப்பத்தான் எடுத்து முடிக்கிறார். ரெண்டு கிழமை, ஒரு மாசம், பேந்து பழையபடி, அதுக்குள்ள போட் வளைஞ்சு பக்கத்துக் கப்பாசிற்றர்களும் உப்பிப் போகும். துவாயைச் சுத்தி வச்சு ஓட விடுறதும் இதே வேலைதான், சூடாக்கிக் கெடுக்கிறது. செய்யாதேங்கோ, ஆராவது காசு வாங்கிக்கொண்டு செய்யிறன் எண்டாலும் குடுக்காதேங்கோ. பழைய பிஎஸ் 3 மஞ்சள் லைற்றுக்கும் ஹீற் கன் பற்றி என்ர பதில் இதுதான். 360 கட்டாயம் வேணுமெண்டா 2010இல வந்த மெல்லிசு மொடலைத் தேடுங்கோ, அதில இந்தப் பழுது நல்லாக் குறைவு.

இன்னொண்டு, கனடாவில இருந்து வந்ததெண்டா அந்தச் செங்கல் மாதிரி அடப்டரில என்ன வோல்ட் போட்டிருக்கெண்டு வாசிச்சீங்களோ? அங்கத்தைய 360 அடப்டர் 120 வோல்ட் லைனுக்குச் செய்தது, முள்ளு மாத்திற சொக்கற் வச்சு எங்கட 230இல குத்தினா புகைதான் வரும். நிண்டெண்டோ வீ (Wii) செற்றும் அப்பிடி. பிஎஸ் 4, பிஎஸ் 5, நிண்டெண்டோ சுவிச் எல்லாம் 240 வரை தாங்கும், அதுகளுக்குப் பயமில்லை. எது வந்தாலும் குத்த முதல் ஸ்டிக்கரை வாசியுங்கோ.

தம்பி, என்ர மகன் கொன்ட்ரோலரைத் தொடாமலே கேமில ஆள் நடக்குதாம். அவன் எறிஞ்சு உடைச்சானோ எண்டு அடியும் குடுத்திட்டன். (வவுனியா)

அக்கா, பிள்ளையில பிழை இல்லை, பாவம். கொன்ட்ரோலரில ஆளை நடத்திற அந்தக் குச்சிக்குக் கீழ ரெண்டு பக்கமும் சின்னப் பெட்டி மாதிரி ஒண்டு இருக்கு, உள்ளுக்க கரி பூசின வளைவில ஒரு மெல்லிய தகடு உரஞ்சி உரஞ்சி ஓடும், றேடியோ சத்தம் கூட்டுற திருகாணியும் அதே மாதிரித்தான். கரி தேய்ஞ்சாலோ தூள் விழுந்தாலோ குச்சி நடுவில நிண்டாலும் செற் தள்ளுறதா நினைக்கும். பிஎஸ் 4, பிஎஸ் 5, எக்ஸ்பொக்ஸ், சுவிச் எல்லாத்திலயும் இதே அமைப்புத்தான், ஒழுங்காப் பாவிச்சாலும் வரும்.

முதல்ல கேமின்ர செட்டிங்கில டெட்சோன் (குச்சியின்ர சின்ன அசைவைக் கணக்கெடுக்காமல் விடுற அளவு) எண்டு இருந்தா கொஞ்சம் கூட்டிப் பாக்கச் சொல்லுங்கோ, கனக்க நாளைக்கு அதோடயே சமாளிக்கலாம். அதுக்கு மேலயெண்டா 99 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் ரெண்டு சொட்டு குச்சியின்ர அடியில விட்டுச் சுத்தோ சுத்தெண்டு சுத்தி ஒரு மணித்தியாலம் காய விடுங்கோ. தேங்காயெண்ணை, தையல் மெசின் ஒயில் விட வேண்டாம், விட்டுக்கொண்டு வந்தவை இருக்கினம். கரியே தேய்ஞ்சு போச்செண்டா குச்சியை மாத்திறதுதான் வழி, பிஎஸ் 4 கொன்ட்ரோலரில ஒரு குச்சிக்கு 14 இடத்தில ஈயம் எடுக்கோணும். மாத்திறதெண்டா ஹோல் சென்சர் குச்சி கிடைச்சாப் போடச் சொல்லுங்கோ, அது காந்தத்தால வேலை செய்யிறது, உரசிற கரி இல்லை.

செற்றுக்குள்ள எறும்பு போகுது. (மல்லாவி)

எறும்பை விடக் கரப்பொத்தான்தான் ஆபத்து, பவர் சப்ளைச் சூட்டுக்கு உள்ளுக்க குடும்பமா இருக்கும், ஒண்டு ரெண்டு முனைக்கு நடுவில செத்தாலே ஷோட். பூச்சி மருந்தை நேர செற்றில அடிக்காதேங்கோ, போட்டில படியும். குசினிப் பக்கம் வைக்காமல், விளையாடுற இடத்தில சாப்பிடாமல் இருந்தாலே பாதி குறையும்.

பிஎஸ் 5ஐ நிமித்தி வைக்கிறதோ கிடத்தி வைக்கிறதோ? (முல்லைத்தீவு)

ரெண்டும் சரி, ஸ்டாண்டோட. ஆனா அதின்ர சிப்பில பேஸ்டுக்குப் பதிலா திரவ உலோகம் இருக்கு, அலுமினியத்தைத் தின்னும், போட்டில சொட்டினா ஷோட். அதால வீட்டில திறந்து ஹீற்சிங்க் கழட்டிற வேலை வேண்டாம், மோட்டச்சைக்கிள்ல கொண்டு போறதெண்டா துணி சுத்தி மடியில வச்சுக்கொண்டு போங்கோ.

கரண்ட் போய் வந்த பிறகு பிஎஸ் 4 பாதுகாப்பு (சேஃப் மோட்) மெனுவிலயே நிக்குது, அப்டேட் ஃபைல் கேக்குது. பென் ட்ரைவில போட்டுக் குடுத்தும் எடுக்கேல்லை. (துணுக்காய்)

எழுதிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போய் ஹாட்டிஸ்க் குழம்பியிருக்கு. செற்றை நிப்பாட்டி, பவர் பொத்தானை ரெண்டாவது பீப் சத்தம் வரும் வரைக்கும், ஒரு 7 செக்கன், அமத்திப் பிடியுங்கோ, கொன்ட்ரோலரை வயரால பூட்டுங்கோ. மெனுவில முதல்ல 5ஆவதை எடுங்கோ, டேட்டாபேஸ் திரும்பக் கட்டிறது, அது ஒண்டையும் அழிக்காது. அது சரிவராட்டி மட்டும் 7, அது எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போடும். ஃபைல் எடுக்காததுக்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் இறக்கினது சின்ன அப்டேட் ஃபைல், 7க்கு வேணும் ஒரு ஜிபி மட்டில வாற பெரிய ஃபைல், சோனியின்ர பக்கத்தில ரெண்டும் வேற வேற இடத்தில இருக்கு. பென்ல பிஎஸ்4 எண்டு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள அப்டேட் எண்டு ஒரு ஃபோல்டர், ரெண்டின்ர பேரும் ஆங்கிலக் கப்பிட்டல் எழுத்தில. அப்பவும் சரிவராட்டி ஹாட்டிஸ்க்கே போயிருக்கும், அது சாதாரண 2.5 இஞ்சி லப்டொப் ஹாட்டிஸ்க்தான், எஸ்எஸ்டி போட்டா கரண்ட் வெட்டுக்கு அசையிற பாகமாவது இல்லை.

டிஸ்க் விழுங்குது, ஆனா வாசிக்குதில்லை. கொழும்புக்கு அனுப்பவோ? (விசுவமடு)

லென்ஸை முதல் துடைச்சுப் பாருங்கோ. அனுப்பிறதெண்டா ஒண்டை மட்டும் எழுதிக் குடுத்து அனுப்புங்கோ. நான் இந்த வேலை பழக முதல் என்ர சொந்த பிஎஸ் 4ஐ ஒரு கடைக்கு பஸ் பார்சல்ல அனுப்பினனான், அவை டிஸ்க் ட்ரைவை முழுசா மாத்திக் குடுத்தவை. பழைய பெரிய மொடல்ல ட்ரைவுக்குள்ள இருக்கிற குட்டிப் போட்டும் செற்றின்ர பெரிய போட்டும் ஃபக்டரியிலயே சோடி சேர்த்தது, வேற குட்டிப் போட் வந்தா டிஸ்க் ஓடாது, அப்டேட்டும் ஏறாது. நான் திரும்பக் கேக்கேக்க என்ர பழைய ட்ரைவைக் குப்பையில போட்டாச்செண்டவை. லென்ஸையும் மோட்டரையும் மாத்தலாம், குட்டிப் போட் உங்கட பழசுதான் திரும்பி வரோணும், எழுதிக் குடுக்க வேண்டினது அதைத்தான், முதல் வந்த பிஎஸ் 5இலயும் அப்பிடித்தான். அதின்ர நம்பரைக் குடுக்க முதல் போன்ல படமெடுத்து வையுங்கோ.